நியூசிலாந்து போன சைக்கிளும் ரெண்டு எலுமிச்சம்பழமும்

போன வாரம் டம்டம் ஏர்போர்ட் வாசலில் ஒரு காட்சி. நடுத்தர வயதுப் பெண்மணி ஒருத்தி தரையில் மண்டி போட்டு, பீரோ கதவு சைஸில் ஒரு பெட்டியைத் திறந்து வைத்து, உள்ளே இருக்கும் சைக்கிளின் இண்டு இடுக்கெல்லாம் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறாள். சுற்றிலும் மூன்று பேர், திருட்டு முழி முழித்தபடி.

அந்தப் பெண்மணி என் மனைவி செல்வி. முழித்தவர்களில் ஒருவன்... வேறு யார், அடியேன்தான்!

செல்விக்கு கிடர்பூர் துறைமுகத்தில் கஸ்டம்ஸ் வேலை என்பதும், அவளுக்கு ட்ரையத்லான் கிறுக்கு பிடித்ததும் இந்தப் பத்தியை விடாமல் படிக்கிற புண்ணியவான்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு — முதலில் நீச்சல், கரையேறியதும் சைக்கிள், இறங்கியதும் ஓட்டம். நடுவில் உட்கார்ந்து ஒரு டீ குடிக்கக்கூட விடமாட்டார்கள். அவள் வயதுக்காரர்களுக்கான உலகப் போட்டி இந்தத் தடவை நியூசிலாந்தில். அதற்குத் தகுதி பெறவே வருஷக்கணக்கில் உயிரை விட்டாள்.

கடைசி வாரம் பயிற்சி பின்னியெடுப்பாள் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். அதுதான் இல்லையாம். கோச் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் — உடம்புக்கு ஓய்வு கொடு, நன்றாகச் சாப்பிடு, தூங்கு.

விடிவதற்கு முன்னால் நியூடவுன் ரோட்டில் சைக்கிள் மிதித்துப் பழகியவளை வீட்டில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? ஃபேனைத் துடைத்தாள். பரணை ஒழித்தாள். என் சட்டைகளுக்கெல்லாம் பட்டன் தைத்தாள்... அறுந்து போகாத பட்டன்களையும் சேர்த்து!

இதற்கு நடுவே, வீட்டைப் பார்த்துக்கொள்ள மதுரையிலிருந்து என் அக்கா வந்து இறங்கினாள். கீழ்வீட்டு ருமா பௌதி வேறு. நாங்கள் குடியிருக்கும் வங்காளத்துப் பவானிபூரில் பக்கத்து வீட்டு அண்ணியைப் பௌதி என்றுதான் கூப்பிட வேண்டும். அக்காவுக்கு வங்காளம் வராது, பௌதிக்குத் தமிழ் வராது. ஆனால் செல்விக்கு ஊட்டுவதில் மட்டும் இரண்டு பேரும் ஒரே கட்சி. காலையில் அக்காவின் இடியாப்பம் இறங்குவதற்குள் பௌதியின் லுச்சி, அதாவது மைதா பூரி, வந்துவிடும். சாயங்காலம் சந்தேஷ் என்கிற பால் இனிப்பு. “ஓடப்போற புள்ள, தெம்பு வேணாமா?” என்பாள் அக்கா. பௌதி அதையே வங்காளத்தில் சொல்லுவார்.

சைக்கிள்தான் பெரிய கவலை. நியூசிலாந்துக்குள் ஒரு பொட்டு மண், ஒரு விதை, ஒரு இலை போகக்கூடாது. அவர்கள் பயிருக்கு நம் ஊர்ப் பூச்சியும் நோயும் தொற்றிவிடுமாம். சொல்லாமல் கொண்டுபோய் மாட்டினால் அபராதம். சைக்கிளைப் பிடித்து வைத்துக்கொண்டால்? சைக்கிள் இல்லாமல் எங்கே போட்டி? அதனால் பழைய டூத் பிரஷ்ஷும் கையுமாக பாத்ரூமில் உட்கார்ந்து டயரைத் தேய்த்தாள், செயினைத் தேய்த்தாள், ஷூவைத் தேய்த்தாள். எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டாத குறை. பளபளவென்று பெட்டியில் போட்டு மூடினாள்.

ஏர்போர்ட் வாசலில் இறங்கியதும் பௌதி அவள் கன்னத்தைத் தட்டிச் சொன்னார்: “சிந்தா கொரோ நா, ஷெல்பி! தான்-துப்போ ஜுதோர் பேதோர் தியே தியேச்சி.”

கவலைப்படாதே, நெல்லும் அறுகம்புல்லும் ஷூவுக்குள்ளே வைத்துவிட்டேன் என்று அர்த்தம். இங்கே ஆசீர்வாதம் என்றால் அந்த இரண்டும்தான்.

செல்வியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மனைவி போய்விட்டாள், கஸ்டம்ஸ் ஆபீசர் வந்துவிட்டாள்.

“வேற யாரு என்ன வச்சீங்க? இப்பவே சொல்லிருங்க.”

அக்கா ஏர்போர்ட் கூரையைப் பார்த்தாள்.

“மதினி?”

“எலுமிச்சம்பழம்தான் தாயி. சக்கரத்துக்கிட்ட.”

“ஒண்ணா?”

“ரெண்டு சக்கரம்ல...”

மூன்றாவது பொட்டலம் யாருடையது என்று கேட்காதீர்கள். சரி, என்னுடையதுதான். சீட்டுக்குக் கீழே இருக்கும் சின்னப் பையில் திருநீறு. பசுஞ்சாணத்தில் செய்த அசல் சரக்கு!

“சாணியா? வெவஸ்தை இருக்கா உங்களுக்கு?”

“சாம்பல்தானே...”

“அங்க ஆபீசர் கேட்டா நீங்க வந்து சொல்றீங்களா? நாள் முழுக்க அடுத்தவன் பெட்டியத் தொறந்து பாக்குறவ நான். எம் பொட்டிய வச்சு எம் மானத்த வாங்கப் பாத்தீங்களே!”

எலுமிச்சம்பழங்களையும் திருநீற்றையும் எடுத்து என் கையில் திணித்தாள். நெல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். ஈரத்துணியால் உள்ளேயும் வெளியேயும் துடைத்தாள். கவுன்ட்டர் மூடுகிற நேரம். பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடினாள். ஒரு டாட்டா கிடையாது, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

டாக்ஸியில் அக்கா அழுதேவிட்டாள். “புள்ளய வெறுங்கையா அனுப்பிட்டோமேடா!” பௌதி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தன் பங்குக்குத் தானும் அழுதார்.

நம் ஆட்களுக்கு இது ஒரு வியாதி, கவனித்திருக்கிறீர்களா? முகத்தைப் பார்த்து ‘நல்லபடியா செஞ்சிட்டு வா’ என்று நாலு வார்த்தை சொல்ல வாய் வராது. வெட்கம்! அதற்குப் பதில் பெட்டிக்குள் எதையாவது திணிப்போம். ஹாஸ்டல் போகிற பிள்ளைக்கு முறுக்கு, வேலைக்குப் போகிறவனுக்குப் பருப்புப்பொடி... நியூசிலாந்து போகிறவளுக்குச் சாணிச் சாம்பல்.

மறுநாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நெல்மணி எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால்? இத்தனை வருஷப் பாடும் என் பொட்டலத்தால் போய்விட்டால்? பௌதியும் மேலே வந்து எங்களோடு உட்கார்ந்துவிட்டார். போன் அடித்ததும் ஸ்பீக்கரில் போட்டேன்.

“என்னாச்சு செல்வி?”

“முழுசாத் தொறந்தாங்க. ஷூவத் தட்டிப் பாத்தாங்க. டயர வெரலால தடவிப் பாத்தாங்க...”

“அப்புறம்?”

“போயிட்டு வாங்கன்னுட்டாங்க!”

நான் குதித்த குதியில் தண்ணீர் ஜக்கு கவிழ்ந்தது. யார் கவலைப்பட்டார்கள்?

செல்வி மட்டும் குதிக்கவில்லை. “இங்க எல்லாரும் குடும்பத்தோட வந்திருக்காங்க. நான்தான் ஒத்தையா நிக்கிறேன். உங்களையெல்லாம் வாய்க்கு வந்தபடி பேசிட்டு வந்துட்டேன்... மதினிய ஏதாவது சொல்லச் சொல்லுங்க. பயமா இருக்கு.”

அக்கா போனை வாங்கினாள். வார்த்தை வரவில்லை. சட்டென்று வாயோரம் கையை வைத்து, நாக்கைச் சுழற்றி, எங்கள் ஊர்க் கோயில் பொங்கலில் போடுகிற மாதிரி ஒரு குலவை போட்டாள் பாருங்கள்!

பௌதி ஒரு நொடி திகைத்தார். “ஆரே... உலு!” என்று கத்தினார். இந்த ஊர்க் கல்யாணத்திலும் பூஜையிலும் பெண்கள் எழுப்புவதும் இதே சத்தம்தானே! அவரும் சேர்ந்துகொண்டார். வார்த்தையே இல்லாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, மூச்சு முட்ட முட்டப் போட்டார்கள். எனக்குக் குலவை வராது. விசில் வரும். அடித்தேன்.

அந்தப் பக்கம் செல்வி சிரிக்கிறாள், அழுகிறாள், இரண்டும் ஒன்றாகக் கேட்கிறது. “ஐயோ மதினி, போதும்! ஏர்போர்ட்டே என்னயத் திரும்பிப் பாக்குது!”

“பாக்கட்டும்டி!” என்று அக்கா அடுத்த குலவைக்கு மூச்சை இழுத்தாள்.

சத்தத்தை எந்த ஆபீசர் நிறுத்தி வைக்க முடியும், சொல்லுங்கள்?