ஆளுக்கு ஒரு அற்புதம்

சேலையூரில் டெபோரா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஐந்து மாதமாக ஒரு ஊர் இருந்தது. ஏரிமங்கலம் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அதற்கு உயிர் வரும். ஆறு மணிக்கு மறுபடியும் சாப்பாட்டு மேஜையாகிவிடும்.

டெபோராவுக்கு நாற்பத்தாறு வயது. குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் வேதியியல் டீச்சர். சோதனைக் குழாயில் ஒரு சொட்டு கூடினாலும் பிள்ளைகளை ஒரு வாங்கு வாங்கிவிடுவார். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டவர்கள் இரண்டாம் தடவை கேட்டதில்லை. அப்பேர்ப்பட்டவர் வாராவாரம் கதை விளையாட்டு நடத்துகிறார் என்றால் பள்ளியில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். விளையாட்டு இதுதான்: டெபோரா கதையைச் சொல்லிக்கொண்டே வருவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, அடுத்து என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை சொல்லும்.

ஆடுகிறவர்கள் மூன்றே பேர். அடுத்த தெரு ராஜாராமன், இன்ஷூரன்ஸில் ரிட்டயர் ஆனவர். கதையில் அவர் குதிரை வீரர். நிஜத்தில் மனைவி ஸ்கூட்டர் ஓட்ட, பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர். அந்த மனைவி பட்டு, கதையில் வைத்தியச்சி. மூன்றாவது ஸ்நேகா. சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை, கதையில் திருடி.

ஏரிமங்கலத்தில் மந்திரம் கிடையாது. அந்தச் சொல்லே கிடையாது. டெபோராவின் அம்மா ரத்தினபாய் பக்கத்து அறையில்தான் இருப்பார். மந்திரம், சூனியம் என்று காதில் விழுந்தால் அன்றைக்கே பாஸ்டரை வரவழைத்து வீட்டில் ஜெபம் வைத்துவிடுவார். அதனால் மந்திரம் என்று வருகிற இடத்திலெல்லாம் டெபோரா அற்புதம் என்று மாற்றினார். அம்மாவைச் சமாளிக்கச் செய்த வேலை, அவ்வளவுதான். ஆனால் மாற்றிய பிறகுதான் வம்பு வந்தது. சந்தையில் மூன்று அற்புதங்கள் விற்பனைக்கு இருக்கின்றன என்று எழுதப் போனால் கை கூசியது. கடையில் வாங்குவது அற்புதமா? தினமும் பல் தேய்க்கிற மாதிரி நடப்பது அற்புதமா? கடைசியில் ஒரே ஒரு விதி எழுதினார். ஆளுக்கு ஒரு அற்புதம், ஆயுசு முழுவதற்கும். மேஜையில் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னால் அது செலவாகிவிட்டது என்று அர்த்தம்.

ஸ்நேகா முதல் மாதமே தன்னுடையதை ஒரு பூட்டைத் திறக்கச் செலவழித்தாள். கதவு பூட்டியே இருக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. ராஜாராமன் தன் குதிரையைப் பேச வைத்தார். அது கொள்ளு சரியில்லை என்று குறை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. மிச்சம் பட்டுவின் ஒன்று மட்டும்தான்.

ஸ்நேகாவுக்குப் பொறுக்கவில்லை. அவள் ஆபீஸிலும் ஒரு கூட்டம் இதே விளையாட்டை ஆடுகிறது. அங்கே தெருவுக்குத் தெரு மந்திரக் கடை, கை சொடுக்கினால் நெருப்பு. இந்த ஞாயிறும் மண்வெட்டியும் கயிறுமாகவே போனால் தான் அங்கே போய்விடப் போவதாகச் சொல்லிவிட்டாள். இரண்டே பேரை வைத்து இந்த ஆட்டம் ஓடாது. ஸ்நேகா போனால் மேஜை படுத்துவிடும். டெபோராவுக்கு வாரத்தில் தனக்கென்று இருந்தது இந்த மூன்று மணி நேரம்தான். அது போய்விடும் என்று பயந்தார். பயந்ததால் வாரம் முழுக்க வகுப்பில் எரிந்து விழுந்தார்.

ஞாயிறு வந்தது. ஏரிமங்கலத்தில் நாலு நாளாக அடைமழை, ஏரிக்கரையில் விரிசல். முடிச்சூர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. ஊர் ஜனம் நானூறு பேர் பசியோடு குன்றின் மேல் ஏறிவிட்டார்கள். சத்திரத்துச் சமையல்கட்டில் பட்டு ஒரு பானை கஞ்சி கிளறிக்கொண்டிருந்தார். எப்படியும் பட்டுவின் அற்புதம் கரையை அடைத்துவிடும் என்று எல்லோருக்கும் தைரியம். அப்போது ரத்தினபாய் ஒரு தட்டு அச்சு முறுக்கைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். பட்டு ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"அற்புதம்," என்றார்.

பட்டு வாயைப் பொத்திக்கொண்டார். "ஏன்னா, நான் முறுக்கைத்தானே சொன்னேன்?" என்று கணவரிடம் முறையிட்டார்.

இது செல்லாது, திருப்பிக் கொடுங்கள் என்று ஸ்நேகா சண்டைக்கு வந்தாள். ராஜாராமனும் கெஞ்சினார். கொடுத்துவிட்டால் ஸ்நேகா தங்கிவிடுவாள் என்று டெபோராவுக்கும் தெரியும். ஆனால் திருப்பி மாற்றிக் கொடுப்பதற்கு இதென்ன ஜவுளிக்கடையா என்று எரிச்சல் முந்திக்கொண்டது.

"சொன்னது சொன்னதுதான். ஆனா வீணாப் போகாது. மாமி, நீங்க இப்ப எங்க நிக்கிறீங்க?"

"கஞ்சிப் பானை பக்கத்துல."

"அப்ப அது அங்கதான் விழுந்தது. இன்னைக்கு அந்தப் பானை காலியாகாது."

ஏரி உடையப் போகிறது, கஞ்சியை வைத்து நாக்கு வழிக்கவா என்று ஸ்நேகா கத்தினாள். கத்தியவள் பாதியில் நின்றாள்.

"அக்கா, குன்று மேல இருக்கிறவங்க சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?"

"மூணு நாள்."

"சோறு இருக்குன்னா இறங்கி வருவாங்கல்ல? நானூறு பேர் மண் சுமந்தா கரை நிக்கும்ல?"

அதற்குப் பிறகு டெபோரா கதை சொல்லவில்லை. அவர்கள் சொன்னார்கள், இவர் பின்னால் ஓடினார். ராஜாராமன் மழையில் குதிரையை விரட்டிக் குன்றுக்குப் போனார். மூன்று தடவை பகடை கைவிட்டது, நாலாவது தடவை ஏறினார். பட்டு ஊற்றிக்கொண்டே இருந்தார், பானை குறையவே இல்லை. சாக்குக்கு என்ன செய்வது என்று வந்தபோது ஸ்நேகா எந்த வீட்டில் எத்தனை சாக்கு, எந்தப் பரணில் என்று மளமளவென்று ஒப்பித்தாள். ஐந்து மாதமாக அத்தனை வீட்டிலும் திருடியவள் ஆயிற்றே. கரை நிற்குமா என்று பார்க்க ஒரே ஒரு பகடை பாக்கி. பதினைந்துக்கு மேல் விழ வேண்டும். ஸ்நேகா எழுந்து நின்று உருட்டினாள். பதினேழு.

கரை நின்றது. ராஜாராமன் மேஜையைக் குத்திய குத்தில் முறுக்குத் தட்டு எகிறியது. பட்டு நிஜமாகவே அழுதார். நாமே காப்பாத்திட்டோம், நாமே, என்று ஸ்நேகா திரும்பத் திரும்பச் சொன்னாள். என்னவோ ஏதோ என்று ரத்தினபாய் ஓடி வந்தார்.

ஆறு மணிக்கு டெபோரா நோட்டை எடுத்தார். ஏரிமங்கலம் கதை இத்தோடு முடிந்தது, அடுத்த மாதம் புது ஊர், புதுப் பாத்திரங்கள். ஆளுக்கு எத்தனை அற்புதம் வைக்கலாம் என்று கேட்டார். மூன்று என்று ஸ்நேகா கேட்டால் இரண்டுக்கு இறங்கிவரத் தயாராகத்தான் இருந்தார்.

"ஆளுக்கு ஒண்ணே ஜாஸ்தி, அக்கா," என்றாள் ஸ்நேகா. "அடுத்த ஊர்ல எல்லாருக்கும் சேர்த்து ஒண்ணு வைங்க. அது யாருக்குன்னு நாங்க அடிச்சுக்கிறோம்."

ஒன்று போதும் என்று நான் அப்போதே விதி எழுதினேனா இல்லையா என்று கேட்க டெபோராவுக்கு நாக்கு துடித்தது. பேசினால் அழுதுவிடுவோம் என்று தலையை மட்டும் ஆட்டி, கொட்டை எழுத்தில் ஒன்று என்று எழுதினார்.