லேபிளுக்கு அடியில்

பாண்டித்துரை மாதிரி ஒரு கருமியைத் திருப்பூர் வேலம்பாளையம் முழுக்க வலைபோட்டுத் தேடினாலும் பிடிக்க முடியாது. ஊரார் சொன்னதல்ல இது, அவன் மனைவி ரோஸ்மேரியே சொல்லுவாள். தேய்ந்து சில்லான சோப்பைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிக் குளிக்கிற மனிதன். அப்பேர்ப்பட்டவன், நிட்டிங் மெஷின் ஃபிட்டராக இருந்து மிச்சம் பிடித்ததையெல்லாம் கொட்டி, பிளாஸ்டிக் தட்டில் பாட்டு வெட்டுகிற மெஷின் ஒன்றை வீட்டு முன்னறையில் பூட்டி நிறுத்தினான் என்றால், அது என்ன கிறுக்கு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பார்வைக்கு அது பழைய ரெக்கார்டு பிளேயர் போலத்தான் இருக்கும். வெறும் தட்டைச் சுழலவிட்டு, வைர முனை வைத்த முள்ளை அதன்மேல் இறக்க வேண்டும். கம்ப்யூட்டரில் ஓடுகிற பாட்டுக்கோ மைக்கில் பேசுகிற பேச்சுக்கோ தக்கபடி முள் அதிர்ந்து அதிர்ந்து கோடு கிழிக்கும். கிழிபட்ட பிளாஸ்டிக் தலைமுடி போலச் சுருண்டு வரும், அதைப் பிரஷால் ஒதுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கிழித்தால் கிழித்ததுதான், அழித்து எழுத வழியில்லை. காதலிக்குக் கொடுக்க, கல்யாணப் பரிசு கொடுக்க என்று எக்ஸ்போர்ட் ஆபீஸ் பிள்ளைகள் தேடி வந்தார்கள். வரத்தான் செய்தார்கள், பாவம், அவன் கிறுக்கு வீண்போகவில்லை.

ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் முள் சரியாக இறங்குகிறதா என்று ஒரு சோதனைக் கோடு போடுவான். மைக்கில் பேசுவது அடுப்படியில் தொங்கவிட்ட ஸ்பீக்கரிலும் கேட்கும். "மேரி, கேக்குதா? ஏ மேரி!" என்று கத்துவான். பனியன் கம்பெனியில் நாளெல்லாம் நின்று செக்கிங் பார்த்துவிட்டு வந்து அடுப்படியில் கிடக்கிறவள் பதில் சொல்ல வேண்டும். சில நாள் சொல்லுவாள், பல நாள் எரிந்து விழுவாள்.

கம்பெனியில் அவள் ரோசக்கா. பிறந்த ஊரான தூத்துக்குடிப் பக்கத்தில் ரோசு. மேரி என்று கூப்பிட்டவன் உலகத்திலேயே அவன் ஒருவன்தான். ஒரே கம்பெனியில் வேலை பார்த்தபோது பழகி, இரண்டு வீடும் வேண்டாம் என்று கதவைச் சாத்திய பிறகு கட்டிக்கொண்டவர்கள். அவன் சாமி வேறு, அவள் சாமி வேறு. கூப்பிடுகிற பெயரிலாவது தனக்கென்று ஒன்று இருக்கட்டும் என்று அவன் அந்தப் பாதியை எடுத்துக்கொண்டான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில் நின்றவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவ்வளவுதான்.

அழுகை ஓய்ந்த பிறகு ரோஸ்மேரி முதலில் செய்த காரியம் வீட்டைச் சுத்தம் பண்ணியது. செக்கிங் கை சும்மா இருக்குமா? ஓட்டை விழுந்த துணி, எண்ணெய்க் கறை பட்ட துணி என்று பார்த்துப் பார்த்து ஒதுக்கிய கை. கட்டிலுக்கு அடியில் கிடந்த கோணலான தட்டு, பாதியில் கெட்ட தட்டு எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பழைய பிளாஸ்டிக் வாங்குகிறவனிடம் போட்டுவிட்டாள். வாரக்கணக்கு ஓடிய பிறகு ஒருநாள், இட்லி ஊற்றிக்கொண்டிருக்கும்போது உறைத்தது. அவன் குரல் அதில்தானே இருந்திருக்கும்! மாவுக் கையோடு பழைய பிளாஸ்டிக் கடைக்கு ஓடினாள். எல்லாம் அரைத்துத் தூளாகப் போயிருந்தது.

அவன் போனை ரிப்பேருக்குக் கொடுத்தால், கடைக்காரன் உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துப் புதுசாக்கித் தந்தான். வீட்டு விசேஷ வீடியோவில் பார்த்தால் பாவிமனுசன் வாயைத் திறக்காமல் நிற்கிறான். முகம் மறக்கவில்லை, போட்டோ இருக்கிறது. குரல் மறந்துகொண்டே வந்தது. கனமான குரலா, கீச்சென்ற குரலா என்று ஒருநாள் அவளுக்கே சந்தேகம் வந்தபோது பயந்துவிட்டாள். ஒரு மனிதனோடு அத்தனை வருடம் படுத்து எழுந்தவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து கேட்டுவிட்டால் போதும் என்று மாதாவிடம் கேட்காத நாளில்லை.

மெஷினை விற்க மனமில்லை. தட்டைக் கெடுத்துக் கெடுத்து அவளே வெட்டப் பழகினாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்வந்த பிறகு வேலை. சோதனைக் கோடு போடும்போது மட்டும் அவள் மைக்கில் பேசுவதில்லை, நகத்தால் இரண்டு தட்டுத் தட்டுவாள். யாரைக் கூப்பிட்டுக் கேக்குதா என்று கேட்பது?

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்து மணி வெயிலில் ஒரு அம்மாள் வாசலில் வந்து நின்றாள். வெளுத்த சேலை, காலில் செம்மண், கையில் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று.

"ஏனுங்க அம்மிணி, பாண்டித்துரைங்கறவரு ஊடு இதுதானுங்களா?"

"இதுதாங்க. அவரு தவறிட்டாரு. நான் அவரு சம்சாரம். உள்ள வாங்கம்மா."

குன்னத்தூர்ப் பக்கம் தோட்டத்திலிருந்து வருகிறாள், பெயர் மாரக்காள். துண்டைப் பிரித்தாள். உள்ளே பாண்டித்துரை வெட்டிய தட்டு. லேபிளில் அவன் கோணல் கையெழுத்து. "தரணின்னு எம் பையனுங்க. வள்ளி கும்மி பாடுவான். எனக்குக் குடுக்கோணும்னு இங்க வந்து பாடிப் பதிஞ்சுட்டு வந்தானுங்க."

ரோஸ்மேரிக்கு ஞாபகம் வந்தது. ஒல்லியான பையன். மைக்குக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவன். "நல்லா இருக்காருங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டாள்.

"போன வருசம் பைக்குல உழுந்து போயிட்டானுங்க."

ரோஸ்மேரி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மாரக்காள் குடிக்கவில்லை. அவள் சொல்ல வந்தது வேறு.

பையன் போன பிறகு, தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அந்தத் தட்டைப் போட்டு அவளும் அவள் கணவர் கந்தப்பனும் கேட்பார்கள். பாட்டு முடிந்தால் எடுத்து வைத்துவிடுவார்கள். இந்தக் கோடையில் லேபிள் சூட்டில் சுருண்டு ஓரம் தூக்கிக்கொண்டது. ஒருநாள் அழுகையில் முள்ளை எடுக்க மறந்துவிட்டாள். முள் தானாக உள்ளே நகர்ந்தது.

"கூப்புடறானுங்க அம்மிணி. மொதல்ல குசுகுசுன்னு காதுகிட்ட. அப்பறம் சத்தமா. மேரி, மேரின்னு." மாரக்காள் குரலைத் தாழ்த்தினாள். "வேலைக்கு வர்ற பொம்பள பயந்து நின்னுட்டா. துன்னூறு மந்திரிச்சுப் போட்டும் போகலீங்க. எப்பப் போட்டாலும் கூப்புடறான்."

கதை அதோடு நின்றிருந்தால் பேய்க்கதை. கந்தப்பன் சும்மா இருக்கவில்லை. மகனுக்குப் பெண் பார்த்து நிச்சயம் பண்ணிய வாரத்தில்தான் அவன் விழுந்து செத்தான். எப்போதோ ஒருநாள் சாப்பிடும்போது, வேறு யார் வீட்டுச் சங்கதியோ பேசி, "நம்ம ஊட்டுல எவனாச்சும் வேற சாதில புள்ள புடிச்சா நான் உசுரோட இருக்க மாட்டேன்" என்று அவர் சொல்லியிருக்கிறார். மகன் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இப்போது மேரி என்ற பெயர் காதில் விழுந்ததும் மனிதர் ஆடிப்போய்விட்டார். மேரி என்று ஒருத்தி இருந்திருக்கிறாள், சொல்லப் பயந்து அவன் வேண்டுமென்றே வண்டியை விட்டு விழுந்திருக்கிறான், கொன்றது நான்தான் என்று மாடு கட்டுகிற சாளைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். வீட்டுக்குள் வருவதில்லை, சோறு இறங்குவதில்லை.

"அதைச் சொரண்டிப்போட்டு வா, இல்லீன்னா தட்டோட கெணத்துல வீசிப்போடுவேங்கறாருங்க. அந்தப் பாட்டும் போயிருச்சுன்னா எனக்கு என்னுங்க இருக்குது?" என்றாள் மாரக்காள்.

மேரி என்ற பெயரைக் கேட்டதிலிருந்தே ரோஸ்மேரியின் கண் அந்தத் தட்டைவிட்டு நகரவில்லை. தட்டை வாங்கி வைத்தாள். முள்ளை இறக்கினாள்.

பையன் பாடினான். நல்ல குரல். பாட்டு முடிந்து வெறும் சரசரப்பு. பக்கத்துச் சுவருக்கு அந்தாண்டை நிட்டிங் மெஷின் ஓடுகிற சத்தம். அப்புறம், ரொம்ப மெல்ல, யாரோ வாயைப் பொத்திக்கொண்டு கூப்பிடுவது போல: மேரி.

அது பேயில்லை, அவளுக்குத் தெரியும். கோடுகள் நெருக்கமாக விழுந்தால், வரப்போகிற சத்தத்தின் சாயல் ஒரு சுற்று முன்னாலேயே கேட்கும். தட்டு ஒரு சுற்றுச் சுற்றியது.

"மேரி, கேக்குதா?"

அதற்குமேல் ஒட்டியிருந்த லேபிளில் முள் ஏறிக் கரகரத்தது.

கருமிப்பயல்! சோதனைக்கென்று தனித் தட்டு எதற்கு என்று, லேபிள் ஒட்டி மறைக்கிற நடு இடத்திலேயே பேசிப் பார்த்திருக்கிறான். அவள் மூட்டை கட்டிப் போட்டதில் அவன் இல்லவே இல்லை. இத்தனை நாளும் ஊரார் வீட்டில், காகிதத்துக்கு அடியில் கிடந்திருக்கிறான்.

"அம்மா, இது உங்க பையன் இல்ல. என் வீட்டுக்காரரு. மேரி நான்தான்" என்றாள் ரோஸ்மேரி.

மாரக்காள் அவளைப் பார்த்த பார்வையில் ஈரமில்லை. "பெத்தவளுக்குத் தெரியாதுங்களா? அது எந் தரணி கொரலு. நீங்க எங்களைச் சமாதானப்படுத்தறதுக்குச் சொல்றீங்க."

வந்ததே ரோஸ்மேரிக்குக் கோபம். யேசுவே, மிச்சமிருக்கிற ஒரு வார்த்தையையும் இந்த அம்மாள் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறாளே! மறுபடி போட்டாள். மறுபடி. போடப் போடக் கோபம் வடிந்து பயம் வந்தது. பிளாஸ்டிக்கில் தேய்ந்த குரல், யார் குரல் என்றும் சொல்லலாம். ஒருவேளை அந்தப் பையனே சும்மா மைக்கில் பேசிப் பார்த்திருந்தால்? ஊரில் மேரிக்கா பஞ்சம்? தன் புருஷன் குரலைத் தானே அடையாளம் சொல்ல முடியாமல் நின்றது அவளுக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

"லேபிளை முழுசா எடுத்தா மிச்சம் கேக்கும்மா. ஆனா தட்டு கெட்டாலும் கெடும். கெட்டா உங்க பையன் பாட்டும் போயிரும். நீங்க சொன்னாத்தான் தொடுவேன்."

மாரக்காள் தட்டின் ஓரத்தை விரலால் ஒருமுறை தடவினாள். "எப்பிடியும் கெணத்துக்குப் போறதுதானுங்களே. எடுங்க."

பழக்கத்தில் ரோஸ்மேரியின் கை, கம்பெனியில் கறை எடுக்கிற ஸ்பிரேக்குப் போனது. சட்டென்று இழுத்துக்கொண்டாள். அது பட்டால் பிளாஸ்டிக் இளகிப் பாட்டு முழுக்கக் கூழாகிவிடும். தேங்காய் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பசை ஊற ஊற, நகத்தால் காகிதத்தை நகர்த்தினாள். அவன் கோணல் கையெழுத்து துணுக்குத் துணுக்காகக் கையோடு வந்தது. பனியன் வேஸ்ட் துணியால் ஒற்றி எடுத்தபோது அடியில் மெல்லிய கோடுகள் தெரிந்தன. முள் இறங்கியது.

"மேரி, கேக்குதா? ஏ மேரி!"

சரசரப்பு. பிறகு எங்கோ தூரத்திலிருந்து, பாத்திரச் சத்தத்துக்கு நடுவே, ஒரு பெண் குரல் எரிந்து விழுந்தது. "கேக்கு, கேக்கு! எதுக்கு இந்தக் கத்து கத்துதிய? சோறு ஆறுது, வந்து தின்னுட்டுப் போங்க!"

மாரக்காள் திரும்பி ரோஸ்மேரியின் வாயைப் பார்த்தாள். திருப்பூர் வந்து எத்தனையோ வருடமாகியும் போகாத தூத்துக்குடிப் பேச்சு, சந்தேகத்துக்கு இடமில்லை. ரோஸ்மேரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அவன்தான். கேட்டுவிட்டாள். கேட்டதோடு விடவில்லை, செத்தவனிடம் தான் சண்டை போடுவதையும் சேர்த்துக் கேட்டுவிட்டாள்.

"அப்ப எந் தரணி யாரையும் கூப்புடலீங்களா?" என்றாள் மாரக்காள். அந்தக் கேள்வியில் நிம்மதி இருந்தது, ஏமாற்றமும் இருந்தது. மகனை நினைத்து அழ இன்னொருத்தி எங்கோ இருக்கிறாள் என்று அவள் நம்பியிருந்தாள் போலும்.

ரோஸ்மேரி முள்ளை எடுக்கக் கை நீட்டினாள். தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. கோடு முடியவில்லை.

யாரோ சிரித்தார்கள். ஒருவர் இல்லை, இரண்டு பேர். ஒரு கனத்த சிரிப்பு, அதோடு ஓர் இளவட்டச் சிரிப்பு. சிரித்துக்கொண்டே அந்த இளவட்டம் சொன்னது: "அக்கா கோவிச்சுக்கிட்டாங்க போல. போயிச் சாப்புட்டுட்டு வாங்ணா. நான் இங்கயே இருக்கறனுங்க."

மாரக்காள் அப்படியே மேஜையோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாட்டில் இருந்தது அவன் ஊருக்குப் பாடிய குரல். இது அவன் வீட்டில் பேசுகிற குரல். ரோஸ்மேரியும் பக்கத்தில் உட்கார்ந்து அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். எண்ணெய்ப் பிசுக்கோடு இரண்டு கையும் வழுக்கின.

கொஞ்ச நேரம் கழித்து மாரக்காள் மடியிலிருந்த போனை எடுத்துக் கந்தப்பனைக் கூப்பிட்டாள். "பேசாம கேளுங்க" என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை. ரோஸ்மேரி முள்ளை நடுவில் வைத்தாள். மாரக்காள் போனை ஸ்பீக்கர் பக்கம் நீட்டிப் பிடித்தாள்.

மேரி, கேக்குதா என்றான். கேக்கு, கேக்கு என்றாள். சிரித்தார்கள். நான் இங்கயே இருக்கறனுங்க என்றான் பையன்.

போனில் சாளையில் மாடு கத்துவது மட்டும் கேட்டது.

"இன்னொருக்காப் போடச் சொல்லு" என்றார் கந்தப்பன்.