'ங்க' இல்லாத ஒரு வரி

நெருப்பெரிச்சல் என்னும் ஊரில் பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட் நடத்தும் என் தாய்மாமா, தாம் இணையத்தில் படித்த பண்பாட்டுக் கட்டுரைகளை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாள்தோறும் பகிர்வார். சென்ற மாதம் ஒரு கட்டுரையை அனுப்பி, "நம்ம ஊரு பேரு வந்த கதைங்க, எல்லாரும் படிங்க" என்று எழுதியிருந்தார். தமிழ் இலக்கியம் பயிலும் நான் அதன் கீழே, "ஆதாரமற்றது. சரிபார்த்துப் பகிரவும்" என்று பதிலிட்டேன். நேரில் என்றால், "அது தப்புங்க மாமா" என்று சிரித்தபடி சொல்லியிருப்பேன். எழுத்தில் துல்லியத்தை மட்டுமே எண்ணியதில் அந்த 'ங்க' விடுபட்டுப்போயிற்று. உறவினர் அனைவர் முன்னும் என் வரி ஓர் ஆணையாக நின்றது. அன்றோடு மாமா பகிர்வதை நிறுத்திவிட்டார்.

பிறகு ஒரு காதுகுத்து விழாவில் அவரைக் கண்டேன். எப்போதும் என்னைக் 'கண்ணு' என்றே அழைப்பவர், எழுந்து நின்று, "வாங்க டீச்சரம்மா! எனக்கு எத்தன மார்க் போட்டீங்க?" என்றார். சுற்றியிருந்தோர் சிரித்தனர்.

"மன்னிச்சுக்குங்க மாமா. பழையபடி அனுப்புங்க."

"எனக்குச் சரிபார்க்கத் தெரியாதுங்களே" என்றார். அவர் சிரிக்கவில்லை.

இப்போது ஐயம் எழுந்தால் குழுவில் எழுதாமல், அனுப்பியவரையே தொலைபேசியில் அழைத்துப் பேசுகிறேன். மாமாவையும் வாரந்தோறும் அழைத்து, "ஏதாச்சும் படிச்சீங்களா மாமா?" என்று கேட்கிறேன். "இல்லீங்க" என்கிறார். "இல்ல கண்ணு" என்று அவர் சொல்வதற்காகக் காத்திருக்கிறேன்.