ஜாசிப் தோண்டிய குழி

என் அத்தான் ஜாசிப் அதிகம் பேசாத மனிதர். அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று மூன்று கிளாஸ் தேநீர் குடித்தார், மூன்று வார்த்தை பேசினார். "மாப்பிள்ளை ஊமையா?" என்று என் சித்தி கேட்டே விட்டாள். ஊமை இல்லை. எங்கள் ஊரான ஸமாவாவில் அவரைப் போல் புல்டோசர் ஓட்ட ஆள் கிடையாது. ஈரான் சண்டையில் எட்டு வருடம் எல்லையில் மண்மேடு போட்டார். அந்த மேடுகளுக்குப் பின்னால் படுத்து உயிர் தப்பியவர்கள் சந்தையில் பார்த்தால் கட்டிக்கொள்வார்கள். மகன் அதீர் பிறந்ததும் ஊர் வழக்கப்படி அபூ அதீர், அதாவது அதீரின் அப்பா, என்பதே அவர் பெயராயிற்று.

1991 கோடையில் ராணுவம் அவரையும் புல்டோசரையும் ஏற்றிக்கொண்டு போனது. உப்பளத்துக்கு அப்பால், ஆள் நடமாட்டமில்லாத இடம். மூன்று நாள் குழி தோண்டினார். லாரி லாரியாகப் பீப்பாய்களும் குண்டுகளின் காலி ஓடுகளும் வந்தன. அவற்றின் மேல் வண்டியை ஏற்றி நசுக்கச் சொன்னார்கள், சுண்ணாம்பு கொட்டி மூடச் சொன்னார்கள். கண் எரிந்தது, நெஞ்சு எரிந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து தேடுவதற்குள் விஷவாயு ஆயுதங்கள் எல்லாவற்றையும் ரகசியமாக அழிக்கிறார்கள் என்பது அவருக்குப் பிறகுதான் புரிந்தது. ஒரு துண்டுத் தாளில்கூட யாரும் எதையும் எழுதவில்லை.

வேலை முடிந்ததும் அதிகாரி பக்கத்தில் வந்து நின்றார்.

"நீ இங்க வரல, எதையும் பாக்கல. யாராச்சும் கேட்டா?"

"தெரியாதுங்கய்யா."

"நானே கேட்டா?"

அத்தான் கொஞ்சம் யோசித்தாராம். "அப்பவும் தெரியாதுங்கய்யா."

அதிகாரி முதுகில் தட்டிக் கொடுத்தார். "பொழச்சுக்குவ."

பன்னிரண்டு வருடம் அப்படித்தான் பிழைத்தார். அக்காவிடம்கூட மூச்சு விடவில்லை. கோடையில் எல்லோரும் மொட்டை மாடியில் படுக்க, தூக்கத்தில் உளறிவிடுவோமோ என்று இவர் மட்டும் கீழே புழுக்கத்தில் கிடந்தார். குறட்டைக்கு வெட்கப்படுகிறார் என்று நாங்கள் கேலி செய்தோம்.

2003 ஜனவரியில் உலகமே அந்த மாதிரிப் பீப்பாய்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அழித்துவிட்டோம் என்றது அரசாங்கம். அழித்ததற்குத் தாள் எங்கே என்றார்கள் வெளிநாட்டார். தாள் ஏது? அதனால் ஆளைத் தேடினார்கள். அத்தானைக் கூட்டிப்போய் ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். எதிரே இரண்டு வெளிநாட்டார். பக்கத்தில் நம் அதிகாரி. பழைய ஆள் இல்லை, ஆனால் அதே மீசை.

"அபூ அதீர், தாராளமா சொல்லுங்க. தொண்ணூத்தொண்ணுல எங்க தோண்டுனீங்க? மேலிடமே சொல்லச் சொல்லுது."

அதிகாரி தாராளமாகச் சொல்லச் சொன்னார் என்று நம்பிச் சொன்னவர்கள் வீட்டுச் சுவரில் சாவு சொல்லும் கறுப்புத் துணி தொங்கியதைத்தான் எங்கள் ஊர் பார்த்திருந்தது. சோதிக்கிறார்கள் என்று அத்தான் முடிவு கட்டினார்.

"தெரியாதுங்கய்யா."

மூன்று முறை கேட்டார்கள். கடைசியில் அதிகாரி கெஞ்சவே ஆரம்பித்துவிட்டார். அதிகாரி கெஞ்சுவதை அத்தான் வாழ்நாளில் பார்த்ததில்லை, அதனால் பயம் இன்னும் கூடியது. வெளிநாட்டார் நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு எழுந்தார்கள். தப்பித்தோம் என்ற நிம்மதியில் அத்தான் வரும் வழியில் அரைக் கிலோ பக்லாவா மிட்டாய் வாங்கி வந்தார். என்ன விசேஷம் என்று எங்களுக்குத் தெரியாது. பாதிக்கு மேல் தின்றது அதீர்தான்.

மார்ச்சில் அமெரிக்கப் படை வந்துவிட்டது. ஸமாவா பாலத்தில் ஒரு வாரம் சண்டை. அக்காவுக்குச் சர்க்கரை நோய், மாத்திரை தீர்ந்து மூன்று நாளாகியிருந்தது. அக்கரையில் ஒரு மருந்துக்கடை திறந்திருப்பதாக யாரோ சொல்ல, "சட்டுனு போய் வாங்கிட்டு வந்துடுடா" என்று அதீரை அனுப்பினாள். பதினெட்டு வயது. மோட்டார் சைக்கிளில் போனான். திரும்பி வரும்போது பாலத்தின் மேல் அமெரிக்க டாங்கியிலிருந்து சுட்டார்கள். மாத்திரை அட்டை சட்டைப் பையில் நசுங்காமல் இருந்தது.

அதன் பிறகு அக்கா மாத்திரையைத் தொடவில்லை. "நான்தான அனுப்புனேன்" என்பதைத் தவிர வேறு பேச்சும் இல்லை. தெருவில் யாராவது "அபூ அதீர்" என்று கூப்பிட்டால் காதைப் பொத்திக்கொள்வாள். ஜூன் மாதம் கால் விரலில் புண் வந்தது. ஜூலையில் பாதம் கறுத்தது. இப்படியே விட்டால் ஆள் மிஞ்சமாட்டாள் என்றார் டாக்டர். நான் கெஞ்சினேன், மிரட்டினேன். மாத்திரையைப் பொடித்துத் தயிரில் கலந்தேன். வாயில் வைத்ததுமே துப்பினாள்.

"எம் புள்ள ரத்தத்தையாடா எனக்குக் கலந்து குடுக்குற?"

அத்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் குழிக் கதையை முதன்முதலாகச் சொன்னது அப்போதுதான். எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

"அத்தான், உங்களுக்கு மூளை கீளை பிசகிடுச்சா? நீங்க குழியக் காட்டலங்கறதுக்காகவா அம்புட்டுப் பெரிய படை வந்துச்சு? காட்டியிருந்தா, சாரி ஜாசிப்புன்னு கப்பலத் திருப்பிக்கிட்டுப் போயிருப்பானா?"

"திருப்பியிருந்தா?" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை அமெரிக்க முகாமின் வாசலில் போய் நின்றார். சுட்டுத் தொலைத்துவிடுவார்களே என்று நானும் பின்னாலேயே ஓடினேன். ஆயுதம் தேடும் குழு ஒன்று அங்கே இருந்தது. அவர்களைக் கூட்டிப்போய் இடத்தைக் காட்டினார். ஓரடி பிசகவில்லை. சுண்ணாம்பில் வெளுத்துப்போன பீப்பாய்கள் தட்டையாக வெளியே வந்தன. படம் எடுத்துக்கொண்டார்கள். அத்தான் மொழிபெயர்ப்பாளரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, கேட்டுச் சொல்லுங்க. ஜனவரியிலயே இதக் காட்டியிருந்தா வந்திருக்க மாட்டாங்கதான?"

மொழிபெயர்ப்பாளர் அவர்களிடம் கேட்கவே இல்லை. "எதுக்குக் கேக்கணும் பெரியவரே? அப்பவே குவைத்துல டாங்கி வந்து எறங்கிக்கிட்டிருந்துச்சு. நீங்க தங்கத்தக் காட்டியிருந்தாலும் வந்திருப்பாங்க. வீட்டுக்குப் போங்க."

குழுவின் தலைவன் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொடுத்து அனுப்பினான்.

"காதுல விழுந்துச்சா? இனியாச்சும் விட்டுத் தொலைங்க" என்றேன், வரும் வழியில். போகும்போது இருந்ததைவிட அவர் முகம் மோசமாக இருந்தது.

"அப்ப எதுக்கு மச்சான் அவன் செத்தான்?"

என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவரிடம் நீட்டினேன்.

அன்று சாயங்காலம் அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. குழி, மீசைக்காரர், பக்லாவா எல்லாம் சொன்னார். காலையில் முகாமுக்குப் போனதை மட்டும் சொல்லவில்லை.

"நீ அனுப்புனதால அவன் சாகல ஸபீஹா. நான் வாயத் தொறக்கல, அதனால சண்ட வந்துச்சு. சண்ட வந்ததாலதான் செத்தான். நீ இல்ல. நான்தான்."

அக்கா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"ஹாத்திம், நீ எங்கிட்டப் பொய் சொன்னதில்ல. இந்த மனுசன் சொல்றது நெசமா?"

அது உண்மை இல்லை என்பதை அன்று காலைதான் என் காதால் கேட்டிருந்தேன். அவள் பாதத்திலிருந்து வாடை வந்துகொண்டிருந்தது. அத்தான் என் முகத்தையே பார்த்தார். கடன் கேட்டு வந்து நிற்பவரைப் போல் இருந்தார்.

"ஆமாக்கா. இவரு வாயத் தொறந்திருந்தா சண்டையே வந்திருக்காது."

அவள் எழுந்து உட்கார்ந்து அவரை அடித்தாள். தலையணையால் அடித்தாள், பிறகு இரண்டு கையாலும் அடித்தாள். அவர் தலையைக் குனிந்து கொடுத்தார். அடித்து ஓய்ந்து தண்ணீர் கேட்டாள். தண்ணீரோடு மாத்திரையையும் நீட்டினேன். விழுங்கினாள். இரண்டு விரலோடு போயிற்று, கால் தப்பியது.

அதன் பிறகு பதினோரு வருடம் ஒரே வீட்டில் இருந்தார்கள். அவள் தட்டில் சோறு வைப்பாள், முகம் பார்க்கமாட்டாள். வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம், "எம் புள்ளையத் தின்ன ஆளு" என்று கை நீட்டிக் காட்டுவாள். தெருவில் சிலர் அவருக்கு ஸலாம் சொல்வதையே நிறுத்திவிட்டார்கள். ஒருமுறை எனக்குப் பொறுக்கவில்லை. "போதும் அத்தான், அக்காகிட்ட உண்மையச் சொல்லிடறேன்" என்றேன்.

"சொல்லிப் பாரு. அப்புறம் அவ தன்னையேதான் திட்டுவா" என்றார்.

2014 குளிர்காலத்தில் மாரடைப்பு வந்து இறந்தார். எங்கள் வழக்கப்படி புண்ணிய ஊரான நஜஃபில் அடக்கம் செய்தோம். அக்கா வரவில்லை. போகட்டும் என்று நானும் வற்புறுத்தவில்லை.

அந்தச் சண்டையை நடத்தியவர்கள் கோட்டு மாட்டிக்கொண்டு டிவியில் பேசுவதை இப்போதும் பார்க்கிறேன். உளவு தப்பாகிவிட்டது என்பார் ஒருவர், வேறு யாரோ தப்பாகச் சொன்னார்கள் என்பார் இன்னொருவர். நான்தான் காரணம் என்று சொல்லி நான் கேட்டது ஒரே ஒருவர் வாயிலிருந்துதான். அவர் ஸமாவாவில் புல்டோசர் ஓட்டினார்.