கழற்றிப் போட்ட வேன்

எங்கள் வீட்டில் ஒரு பழைய வேன் இருந்தது. மலைமேல் குண்டனி நாட்டில் எங்கள் ஊர்ப் பக்கம் அன்னாசியோ மரவள்ளியோ எது விளைந்தாலும் அப்பாதான் அதில் ஏற்றிச் செம்மேட்டுச் சந்தைக்குக் கொண்டுபோவார். கூரையில் ஒழுகும் ஓடுகளை மாற்ற நேரமில்லாத அப்பா, வேனுக்கு மட்டும் இரண்டு முறை பெயின்ட் அடித்திருந்தார். அம்மா அதைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள். அதற்கும் அப்பா சிரிப்பார்.

மிளகு பழுத்திருந்த சமயம் அது. மேடு ஏறும்போதெல்லாம் வேன் சூடாகி நின்றுகொண்டிருந்தது. ஒருநாள் காலையில் அப்பா முன்சீட்டைத் தூக்கிச் சாய்த்து, அடியிலிருந்த எஞ்சினின் ரப்பர் குழாய்களையெல்லாம் கழற்றிக் கழுவி வெயிலில் போட்டார். கைக்குத் தடையாக இருந்த ஒயர்களையும் பிடுங்கிவிட்டார். குழாய்கள் காய்வதற்குள் கொஞ்சம் மிளகு பறித்துவிடலாம் என்று, மிளகுக்கொடி படர்ந்த வாசலோரத்து சில்வர் ஓக் மரத்தில் மூங்கில் ஏணியைச் சாத்தி ஏறினார்.

ஏணி சறுக்கியதை யாரும் பார்க்கவில்லை. பலாப்பழம் விழுந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பலாவுக்கு அது பருவமில்லை என்பது அம்மாவுக்குத்தான் முதலில் உறைத்தது.

ஓடிப்போய்ப் பார்த்தால் அப்பா மரத்தடியில் மல்லாந்து கிடந்தார். ரத்தம் இல்லை. கண்கள் திறந்திருந்தன. அம்மா அவரை அள்ளியெடுக்கக் குனிந்தாள்.

"தொடாத புள்ள. மொதல்ல வண்டி கெளம்பட்டும்" என்றார் அப்பா.

பக்கத்து வீட்டிலிருந்த மாமா, அம்மாவின் தம்பி, செல்போனுக்கு டவர் கிடைக்கும் பாறைக்கு ஓடிப்போய்ப் பேசிவிட்டு வந்தார். ஆம்புலன்ஸ் ஒரு பிரசவத்துக்காக மலையிறங்கியிருந்தது. திரும்பி வர வெகுநேரம் ஆகும். மாமாவுக்கு வண்டி ஓட்டத் தெரியும், எஞ்சினைத் தொட்டுப் பழக்கமில்லை. அவருடைய தடித்த கை அந்தச் சந்துக்குள் நுழையவும் இல்லை. ஆகவே சக்களத்தியின் வயிற்றுக்குள் அம்மாவே கையை விட்டாள்.

அப்பாவால் உரக்கப் பேச முடியவில்லை. மூச்சு பாதியிலேயே நின்று நின்று வந்தது. நான் அவர் வாயருகே காதை வைத்துக் கேட்டுக்கொண்டு வேனுக்கு ஓடுவேன். பெரிய குழாய் ரேடியேட்டருக்கு, கிளிப்பை நன்றாக முடுக்கச் சொல் என்பார். அதைச் சொல்லிவிட்டு அம்மாவின் கேள்வியோடு திரும்பி ஓடி வருவேன்.

"ஏனுங்க, சின்னது ரெண்டும் ஒரே மாதிரி இருக்குதுங்களே!" என்று ஒருமுறை அம்மா அங்கிருந்தே கத்தினாள்.

"வாய் வெடிச்சது தண்ணிக்கு. நல்லது பெட்ரோலுக்குன்னு சொல்லு கண்ணு."

கிளிப் கிழித்து அம்மாவின் கட்டைவிரலில் ரத்தம் வந்தது. முந்தானையைச் சுற்றிக்கொண்டு அடுத்த குழாயை எடுத்தாள். எல்லாவற்றையும் மாட்டி, குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றியதும் மாமா சாவியைத் திருகினார். வண்டி இருமிற்று, பட்டாசு போல ஒரு வெடி வெடித்து நின்றது. அம்மா சீட்டின் விளிம்பில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அப்பா படுத்தபடியே அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தார். பிளக் ஒயர் மாறியிருக்கிறது, ஓரத்து இரண்டையும் இடம் மாற்றிப் போடச் சொல் என்றார். மாற்றியதும் வண்டி பிடித்துக்கொண்டது.

"சத்தம் சரியா இருக்குது" என்று சொல்லி அப்பா கண்ணை மூடினார்.

அம்மா அக்குளில் கை கொடுத்தாள். மாமா கால்களைப் பிடித்தார். நடுவில் தொய்ந்து, மூட்டை போல மடங்கிய அப்பாவைப் பின்சீட்டில் திணித்தார்கள். செம்மேட்டு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுக் கீழே கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். முள்ளுக்குறிச்சி வழியாக இறங்கினோம். வேன் எங்கேயும் நிற்கவில்லை.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படித் தூக்கினீர்கள் என்று கேட்டார். மாமா கையை வீசிச் செய்து காட்டினார். "பலகையில படுக்க வெச்சுத் தூக்கியிருக்கணும்மா" என்று டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அப்பா அதன்பிறகு எழுந்து நடக்கவில்லை. இடுப்புக்குக் கீழே புண் வைத்து, புண்ணோடு இரண்டு மழைக்காலம் கிடந்து போய்ச் சேர்ந்தார். விசாரிக்க வந்த எல்லோரிடமும் அம்மா ஒரே வார்த்தையைத்தான் சொன்னாள்: "உழுந்தப்ப நல்லாத்தானுங்க இருந்தாரு. நாந்தான் தூக்கி ஒடிச்சுப்புட்டேன்." இதை அப்பாவின் காதில் படும்படி அவள் ஒருநாளும் சொன்னதில்லை. பதில் சொல்லக்கூடிய ஒரே ஆளுக்கு அந்தக் கேள்வி போய்ச் சேரவே இல்லை. போன தை மாதம் அம்மாவும் போனாள். கடைசிக் காய்ச்சலில்கூட, பலகை இருந்ததே, மாட்டுக் கொட்டாயில் பலகை இருந்ததே என்று பிதற்றிக்கொண்டிருந்தாள்.

அவள் போன பிறகு ஒருநாள் மதியம், படுத்திருந்த என் காலை என் சின்ன மகள் விளையாட்டாகக் கிள்ளினாள். வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டேன். அப்படியே எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு மரத்தடியில், அம்மா குழாயோடு போராடிக்கொண்டிருந்தபோது, அப்பா என்னிடம் தன் கால் கட்டைவிரலைக் கிள்ளச் சொன்னார். கிள்ளினேன். நல்லா கிள்ளு சாமி என்றார். நகம் பதியக் கிள்ளினேன். இன்னொரு காலையும் கிள்ளச் சொன்னார். பிறகு கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மாகிட்டச் சொல்லிப்போடாத. கை நடுங்கிரும் அவளுக்கு."

நான் சொல்லவில்லை. தூக்குவதற்கு முன்பே அந்தக் கால்கள் போய்விட்டிருந்தன என்பதோ, அம்மா எதையும் ஒடிக்கவில்லை என்பதோ எனக்கு எப்படித் தெரியும்? எட்டு வயது எனக்கு. அத்தனை பலமாகக் கிள்ளியும் முகம்கூடச் சுளிக்கவில்லையே, வலி தாங்குவதில் எங்கள் அப்பாவை மிஞ்ச ஆளே கிடையாது என்று நினைத்துக்கொண்டு, அடுத்த குழாய் எது என்று கேட்க அவர் வாயருகே குனிந்தேன்.