தானாக வந்த மெஷின்

எங்கள் வீட்டிலிருந்து தெருவுக்குப் போக ஒரே வழிதான். டிவி இருக்கும் முன்னறையைத் தாண்டித்தான் போக வேண்டும். பின்னால் சமையலறை. அதற்குப் பின்னால் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் வேறொருவர் வீடு. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை முன்னறை முழுக்கத் தெருப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். நான் பற்றவைக்காத அடுப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

கூட்டம் சேர்த்தது என் தம்பி மகள். ஒன்பது வயது. வாராவாரம் அவள் பார்க்கும் ஒரு கார்ட்டூனில் ஐந்து பேர் பறந்து வந்து ஒரு நகரத்தைக் காப்பாற்றுவார்கள். அந்த வாரம் ஆறாவதாக ஒருவன் வரப்போகிறான் என்று முன்கூட்டியே விளம்பரம் போட்டார்கள். பதினாறு வயதுப் பையன். இடது தோளிலிருந்து விரல் வரை இரும்பு, ஒரு கண்ணும் இரும்பு. பாதி மனுஷன், பாதி மெஷின். விளம்பரத்தைப் பார்த்த அன்றே அவள் தெருவில் போய்ச் சொல்லிவிட்டாள்: "எங்க வீட்லயும் அந்த மாதிரி ஒருத்தர் இருக்காங்க."

அந்த ஒருத்தர் நான். நாற்பத்தேழு வயது, பத்தாவது வரை படிப்பு, கல்யாணம் ஆகவில்லை. தம்பி குடும்பத்தோடு இருக்கிறேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. இடது கை மணிக்கட்டுக்குக் கீழே இல்லை. அந்த இடத்தில் வேலூர் பாகாயத்து ஆஸ்பத்திரியில் அளவெடுத்துச் செய்து கொடுத்த கை இருக்கிறது. வலது தோளைச் சுற்றி ஒரு வார். தோளை முன்னால் தள்ளினால் கம்பி இழுபட்டு விரல்கள் திறக்கும், விட்டால் மூடும். தெருவில் நடக்கும்போது முந்தானையை அதன் மேல் போட்டுக்கொள்வேன். பஸ்ஸில் யாராவது பார்த்தால் இறங்கும் இடம் வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"உங்க அத்தை கை லேசர் அடிக்குமா?" ஒரு பையன் கேட்பது சமையலறை வரை கேட்டது.

"அடிக்காது. ஆனா டம்ளர் புடிக்கும்."

"டம்ளர் எங்க ஆயாகூடத்தான் புடிக்குது."

எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். எங்கள் பெண்ணுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அத்தை, வெளிய வாங்க! ஒரே ஒரு வாட்டி தொறந்து மூடிக் காட்டுங்க, இவனுக்கு!"

"அடுப்புல வேலை இருக்குடி," என்றேன்.

கை பத்து நாளாகத் திறக்கவில்லை. கம்பி நூல்நூலாகப் பிரிந்திருந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பாகாயத்துக்குப் போக வேண்டுமென்றால் லீவு கேட்க வேண்டும், எதற்கு என்று சொல்ல வேண்டும், கையைப் பற்றிய பேச்சு மறுபடி எழும். பேக்கிங் பிரிவில் டிஷ்யூ பேப்பர் பறக்காமல் அழுத்திக்கொள்ள மூடிய கையே போதும் என்று இருந்துவிட்டேன்.

டிவியில் அந்தப் பையன் நீளமான கோட்டுக்குள் கையை மறைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தான். ஐந்து பேரும் அவனை நம்பவில்லை. பிறகு அவனுக்கு எப்படி இப்படி ஆயிற்று என்று காட்டினார்கள். கப்பல் கட்டும் இடத்தில் ஒரு ராட்சத மெஷின். அதற்கு நெற்றியில் ஒரு சிவப்புக் கண். பையன் அந்தப் பக்கமாகச் சும்மா நடந்து போகிறான். மெஷினின் கண் திறக்கிறது, அது திரும்பிப் பார்க்கிறது, மேலிருந்து அவன்மேல் இறங்குகிறது. ஒரு பிள்ளை பயந்து கத்தியது.

"எங்க அத்தைக்கும் இப்டித்தான்," என்றாள் எங்கள் பெண். "மெஷின் தானா வந்து அமுக்கிடுச்சு."

"அதுக்கும் கண்ணு இருந்துச்சா?"

"இருந்திருக்கும். கெட்ட மெஷின்."

நான் சமையலறைச் சுவரில் சாய்ந்துகொண்டேன். அந்தப் பையன் ஒரு தப்பும் செய்யவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் மெஷினுக்குக் கண் கிடையாது. தோலை மேஜையில் விரித்து, அதன் மேல் இரும்பு அச்சை வைத்தால், மேலே இருக்கும் பலகை இறங்கி ஒரே அழுத்தில் வெட்டித் தரும். அந்தப் பலகை இறங்க வேண்டுமென்றால் வலப் பக்கம் ஒன்று, இடப் பக்கம் ஒன்று என்று இரண்டு பொத்தான்களையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் மேஜையில் கை இருக்காது. அதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் ஒரு பொத்தானை எப்போதும் அழுத்தியபடி வைத்துவிட்டால், வலது கையால் வெட்டிக்கொண்டே இடது கையால் அச்சை நகர்த்தலாம். டார்கெட் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே பாதி முடியும். எங்கள் வரிசையில் எல்லாரும் கழிவுத் தோலை மடித்து ஆப்பு மாதிரி செய்து பொத்தான் சந்தில் செருகி வைத்திருந்தோம். அதிகாரிகளோ வெளிநாட்டுக்காரர்களோ பார்வையிட வந்தால் முதல் மேஜைக்காரி, "சம்பந்தி வர்றாரு!" என்று குரல் கொடுப்பாள். எல்லா ஆப்பும் ஏப்ரன் பைக்குள் போய்விடும். அவர்கள் போனதும் மறுபடி செருகிக்கொள்வோம். அதை ஒரு விளையாட்டு மாதிரிதான் செய்தோம்.

என் கை போன அன்றைக்கும் சம்பந்தி வந்துவிட்டுப் போயிருந்தார். மறுபடி முதலில் செருகியவள் நான்தான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோது மேனேஜர் ஒரு காகிதத்தோடு வந்தார். கூடவே மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் ஃபிட்டர் பாயும் வந்தார். எங்களுக்கு இரண்டு சந்து தள்ளி இருப்பவர்தான். சட்டைப் பையிலிருந்து ரத்தம் காய்ந்த ஒரு தோல் துண்டை எடுத்துக் காட்டினார். "மெஷினுக்கு அடியில கெடந்துது சார். பட்டன்ல செருகியிருக்காங்க."

மேனேஜர் என்னைக் கேட்டார். "செருகினீங்களாம்மா?"

வரிசையில் எல்லாரும் ஏற்கெனவே இல்லை என்று சொல்லியிருந்தார்கள். ஆமாம் என்றால் எனக்கு வேலை இருக்காது, மற்றவர்களுக்கும் இருக்காது என்று நினைத்தேன். தம்பி கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தான்.

"இல்ல சார். தானா வந்துச்சு."

பாய் என்னையே பார்த்தார். துண்டை மறுபடி பையில் போட்டுக்கொண்டார். மெஷினைச் சரியாகப் பராமரிக்கவில்லை, தப்பை மறைக்கக் கதை கட்டினார் என்று எழுதி அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். எனக்குப் பேக்கிங்கில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்தார்கள்.

இரண்டு வருடமாக நான் அவர் சந்து வழியாகப் போவதில்லை. கம்பெனி வேன் நிற்கும் இடம் அவர் வீட்டுக்கு எதிரே இருக்கிறது. நான் மசூதித் தெருவைச் சுற்றி அடுத்த நிறுத்தத்துக்குப் போய் ஏறுவேன். கால் மணி நேரம் ஜாஸ்தி நடை. தம்பி மனைவி கேட்டதற்கு, நடந்தால் உடம்புக்கு நல்லது என்று சொல்லியிருந்தேன்.

அன்று பிள்ளைகள் போன பிறகு குளிக்கப் போனேன். கையைக் கழற்றி வழக்கம்போல ஆணியில் மாட்டிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது ஆணி மட்டும்தான் இருந்தது.

"அண்ணி, கை எங்க?" என்றாள் தம்பி மனைவி.

"அதத்தான் நானும் தேடறேன்."

கட்டிலுக்கு அடியில் பார்த்தோம், துணி மூட்டையில் பார்த்தோம். பெண்ணையும் காணோம், அவளுடைய ஸ்கூல் பையையும் காணோம். கை இல்லாமல் நான் தெருவில் போய்த் தேடவும் முடியாது. புடவைத் தலைப்பை மொட்டைக் கையில் சுற்றிக்கொண்டு கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அந்த எபிசோடின் கடைசியில் ஆறாவது பையனின் கை நின்றுபோகும், ஒரு மெக்கானிக் கிழவர் அதைச் சரிசெய்து கொடுப்பார். இது எனக்கு அப்போது தெரியாது. அந்தக் கட்டம் வரும்போது நான் டிவியைப் பார்க்காமல் திரும்பி நின்றிருந்தேன். எங்கள் தெருப் பக்கம் மிக்சி, ஃபேன் ரிப்பேர் பார்ப்பது வேலை போன அந்த பாய் ஒருவர்தான். இது எனக்குத் தெரியும்.

மூன்று மணிக்கு மேல் அவள் வந்தாள். பின்னால் பாய் வந்தார்.

"வாங்க பாய், உள்ள வாங்க," என்றான் தம்பி. அவனுக்கு எதுவும் தெரியாது. ஆஸ்பத்திரியில் நான் சொன்னதைத்தான் அவனும் நம்பினான். பாய் மீது அவனுக்குக் கொஞ்சம் கோபம்கூட உண்டு. ஆனால் வீட்டு வாசலில் வந்து நிற்பவரை என்ன செய்வது?

பாய் துணிப்பையிலிருந்து கையை எடுத்து ஸ்டூலின் மேல் வைத்தார். "கம்பி பூரா பிஞ்சு போயிருந்துது. சைக்கிள் பிரேக் ஒயர் ஒண்ணு போட்டிருக்கேன். இது சும்மா நாலு நாளைக்குத்தான். பாகாயத்துல காட்டி மாத்திக்கணும். மாட்டிப் பாருங்க."

தம்பி மனைவி என்னை உள்ளே கூட்டிப் போய் வாரைப் பூட்டிவிட்டாள். வெளியே வந்து தோளைத் தள்ளினேன். விரல்கள் சத்தமில்லாமல் திறந்தன. எங்கள் பெண் கைதட்டினாள்.

"பாய் மாமா, நீங்க எல்லா மெஷினும் பாப்பீங்களா?"

"பாப்பேன்."

"கெட்ட மெஷின்கூட?"

"கெட்ட மெஷின்னு ஒண்ணு இல்லம்மா."

"இருக்கு. டிவில வந்துச்சு. எங்க அத்தை மேலகூடத் தானா வந்துச்சே?"

பாய் ஸ்குரு டிரைவரைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார். "நான் அப்ப அந்த வரிசையில இல்ல. உங்க அத்தைக்குத்தான் தெரியும்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது. அதன் நிலையில் பாய் நின்றிருந்தார். சமையலறைக்குப் போனால் அங்கே சுவர்தான்.

"தானா வரல," என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "தானா வரலடி. ஒரு பட்டனை நான் தோலு வச்சு அடைச்சிருந்தேன். கையை உள்ள வச்சுக்கினே அமுக்கிட்டேன்."

"இன்னாக்கா சொல்ற?" என்று தம்பி எழுந்தான். "அப்ப ஆஸ்பத்திரியில அப்படிச் சொன்னியே?"

"பொய் சொன்னேன்."

பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. இவ்வளவு நாளும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள். "அப்ப அதுக்குக் கண்ணே இல்லியா?" என்று மட்டும் கேட்டாள்.

பாய் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். அதுவரை நீங்க என்று பேசியவர் அப்போதுதான் நீ என்று சொன்னார்.

"என்கிட்ட சொல்றதுல இன்னா இருக்கு? எனக்குத் தெரிஞ்சதுதான். எம் பொண்டாட்டிகிட்ட வந்து சொல்லு. வீட்டுக்குள்ள சண்டை வந்தா, 'ஒரு பொம்பளை கையை எடுத்துட்டு வந்த ஆளுதானே நீ'ன்றா. நாப்பது ரிப்பேர் பாத்தாலும் அந்த ஒரு பேச்சுக்கு என்கிட்ட பதில் இல்ல. பேஜாரா இருக்கு."

அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் நடந்தேன். இரண்டே சந்துதான். சுற்றிச் சுற்றிப் போனதில் அது இவ்வளவு கிட்ட இருக்கிறது என்பதையே மறந்திருந்தேன். முந்தானையைப் போட மறந்ததும் பாதி வழியில்தான் தெரிந்தது. போட்டுக்கொண்டேன்.

அவருடைய மனைவி வாசல்படிக்கு உள்ளே உட்கார்ந்து ஷூவின் மேல் பாகத்தைக் கையால் தைத்துக்கொண்டிருந்தார். கம்பெனியிலிருந்து மூட்டையாக வாங்கி வந்து வீட்டில் தைத்துத் தரும் வேலை. பாய்க்கு வேலை போன பிறகு எடுத்த வேலை என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அக்கா ஊசியை நிறுத்தவில்லை. ஒரு வரிசை முடிந்து முடிச்சுப் போட்ட பிறகுதான் நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. கணவரிடம் உருதுவில் ஏதோ கேட்டார். அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். அக்கா தைத்ததை மூட்டையின் மேல் வைத்தார்.

பிறகு என்னிடம் திரும்பினார். "இத மேனேஜர்கிட்ட சொல்வியா?"

"சொல்றேன்கா."

"எப்போ?"

"நாளைக்கு."

"நாளைக்குன்னு எல்லாரும்தான் சொல்வாங்க. வீட்டுக்குப் போனா தூங்குவ, காலைல எழுந்தா பயம் வந்துடும். இங்கயே எழுது."

அவர் சொன்னது சரிதான். வரும் வழியிலேயே எனக்குப் பயம் வர ஆரம்பித்திருந்தது. என் வரிசையில் இருந்தவர்கள் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார்கள். அவர்களோடுதான் வேனில் போக வேண்டும். முதல் மேஜைக்காரி எனக்குத் தினமும் இடம் பிடித்து வைப்பவள்.

தையல் மூட்டையோடு வந்த ஒரு சீட்டைத் திருப்பிப் போட்டு, பேனாவையும் தந்தார். படியில் உட்கார்ந்து எழுதினேன். 'அன்றைக்கு ஒரு பொத்தான் அடைபட்டிருந்தது' என்று எழுதிக் கொடுத்தேன். அக்கா எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"யாரு அடைச்சா? அத எழுது."

காற்று சீட்டைத் தூக்கியது. முந்தானையைத் தள்ளிவிட்டு, தோளை முன்னால் கொடுத்து விரல்களைத் திறந்தேன். சீட்டின் ஓரத்தை அவற்றுக்கிடையில் வைத்துத் தோளைத் தளர்த்தினேன். கை மூடிப் பிடித்துக்கொண்டது. எதிரே வேன் நிற்கும் இடத்தில் இரண்டு பிள்ளைகள் வாயைத் திறந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் வரியை அடித்துவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தேன்.