மூடியில்லாத பீரங்கி வண்டி

சிங்கப்பூரிலிருந்து பெரியப்பா கொண்டுவந்து கொடுத்த ரிமோட் காரை மாமா பிரித்துப் போட்ட அன்று நான் அழவில்லை. அதற்குக் காரணம் பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காருக்குப் பதிலாக ஒரு பீரங்கி வண்டி வரும், அதை முதலில் ஓட்டுவது நான்தான் என்று பேசி முடித்திருந்தேன். ஆறாம் வகுப்புதான் என்றாலும் பேரத்தில் நான் அப்பாவைக் கொண்டு பிறந்தவள். வண்டி எனக்கில்லை, ஆட்டையாம்பட்டியில் இருக்கும் ஒரு பையனுக்கு என்பதை மாமா மறைக்கவும் இல்லை. கொண்டுபோய்க் கொடுக்கிற வரைக்கும் என்னுடையதுதானே என்று நானே மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மாமா, அம்மாவின் தம்பி. பட்டாளத்தில் பீரங்கி வண்டி ஓட்டியவர். எழுபத்தொன்றாம் வருஷத்துப் பாகிஸ்தான் சண்டை முடிந்து கொஞ்ச காலத்தில் ஊருக்கு வந்து, நாமக்கல்லில் அப்பா நடத்திவந்த லாரி பாடி கட்டும் பட்டறையில் சேர்ந்துகொண்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்கலாமா என்று அம்மா கேட்டால், பார்க்கலாம் பார்க்கலாம் என்றபடியே சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பிவிடுவார். அதிகம் பேசமாட்டார், கோபப்படவும் மாட்டார். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அவரோடு சேர்ந்து பட்டாளத்துக்குப் போன கூட்டாளி ஒருவர் ஆட்டையாம்பட்டிக்காரர், தறி நெய்கிற குடும்பம். ஒரே வண்டியில் இருந்தார்கள். அந்தச் சண்டையில் அவர் போய்விட்டார். அப்போது அவர் மனைவியின் வயிற்றில் இருந்த பிள்ளைதான் நான் சொன்ன பையன். வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு முன்னால் கூட்டாளியின் அப்பா பட்டறைக்கு வருவார். தன் தறியில் நெய்த வேட்டி ஒன்றை மாமாவிடம் கொடுப்பார். மாமா இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். மரச்சட்டங்களின் மேல் உட்கார்ந்து இரண்டு பேரும் டீ குடிப்பார்கள். கிளம்பும்போது பெரியவர், ஒருதரம் வீட்டுப் பக்கம் வந்துவிட்டுப் போகச் சொல்வார். மாமாவும் சரி என்பார். ஆனால் போகமாட்டார். சாவுச் சேதியைச் சொல்ல ஒருமுறை போனவர், அதற்கப்புறம் அந்த வாசலை மிதிக்கவில்லை. சேலத்துக்குப் போக வேண்டியிருந்தாலும் ஆட்டையாம்பட்டி வழியாகப் போகிற பஸ் என்றால் ஏறமாட்டார், ராசிபுரம் சுற்றிப் போகிற பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நிற்பார். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

அந்த வருஷம் பெரியவர் வந்தபோது பேரனைப் பற்றிச் சொன்னார். பையன் வளர்ந்துவிட்டான், அப்பா செத்தது எந்த மாதிரி வண்டிக்குள், அதில் அவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று துளைத்தெடுக்கிறான், தறியைத் தவிர வேறொன்றும் அறியாத நான் அவனுக்கு என்னத்தைச் சொல்ல என்று கேட்டார். பிறகு, “நீங்க ஒரு பொம்மையாட்டம் செஞ்சு, நீங்களே ஊட்டுக்குக் கொண்டாந்து காட்டோணுந் தம்பி” என்றார். மாமா டீ டம்ளரைக் கீழே வைத்தார். செய்து கொண்டுவருகிறேன் என்று அவர் சொன்னதை நம்பமுடியாமல் அப்பா ஆபீஸ் ரூமிலிருந்து எழுந்தே வந்துவிட்டார்.

செய்ய ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, லாரி கட்டுகிறவர்களுக்குச் சின்னதாக ஒன்றைச் செய்யக் கை வராது என்று. லாரிக்கு அடிக்கிற தகட்டிலேயே முதல் உடம்பைச் செய்தார்கள். அதைத் தூக்கவே ஒரு ஆள் வேண்டியிருந்தது, பொம்மை மோட்டாரா இழுக்கும்? அப்புறம் என்ஜின் ஆயில் டின்னை வெட்டி, மடித்து, ஈயம் வைத்துப் பற்றவைத்தார் மாமா. மேலே சுழலுகிற தலைக்குப் பால் பவுடர் டப்பா. குழலுக்கு ஒரு துண்டு பிரேக் பைப். லாரி டியூபைப் பட்டையாக நறுக்கி, அதன்மேல் அலுமினியத் துண்டுகளை வரிசையாக ரிவிட் அடித்ததும், சக்கரத்தைச் சுற்றி ஓடுகிற சங்கிலி தயாரானது. துண்டுகளை எடுத்துக் கொடுத்தவள் நான். என் காரிலிருந்த மோட்டார் ஒரு பக்கத்துக்கு, கெட்டுப்போன டேப் ரிக்கார்டரின் மோட்டார் இன்னொரு பக்கத்துக்கு. ரிமோட்டில் இருந்த இரண்டு குச்சிகளில் ஒன்று இடப்பக்கச் சங்கிலியை ஓட்டும், மற்றது வலப்பக்கத்தை. ஒன்றை மட்டும் தள்ளினால் வண்டி நின்ற இடத்திலேயே திரும்பும். நிஜ வண்டியையும் இப்படித்தான் இரண்டு கோலைப் பிடித்து ஓட்ட வேண்டும் என்று மாமா சொன்னார். பட்டாளத்தைப் பற்றி அவராக வாய் திறந்து நான் கேட்டது அதுதான் முதல்முறை.

தலையின் மேல் ஒரு வட்ட மூடி. ஆள் இறங்கி ஏறுகிற வழி அது. சின்னக் கீல் வைத்து அதைத் திறந்து மூடும்படி மாமா செய்திருந்தார். வண்டியிலேயே எனக்கு உயிரான இடம் அந்த மூடிதான்.

மண் நிறத்தில் ஒரே பூச்சாகப் பூசிக் கொடுக்கும்படி மாமா பெயின்டரிடம் வண்டியைக் கொடுத்தார். பெயின்டருக்கு மனசு கேட்கவில்லை. மண் நிறம் பூசினார்தான், ஆனால் முகப்பில் மை தீட்டிய இரண்டு கண்ணும், பக்கவாட்டில் தாமரையும், பின்னால் ‘ஹார்ன் அடி’ என்ற எழுத்துமாகத் திருப்பிக் கொண்டுவந்தார். சண்டைக்குப் போகிற வண்டி, பின்னால் வருகிறவனை ஹார்ன் அடித்துவிட்டு வரச் சொல்கிறது. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். மாமாவும் லேசாகச் சிரித்து, அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார்.

பூசை போடாமல் எந்த வண்டியும் பட்டறையை விட்டுப் போகக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். பொம்மைக்கும் அதே சட்டம்தான். மூடியைச் சாத்தி, அதன்மேல் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, சங்கிலிக்கு முன்னால் இரண்டு எலுமிச்சம்பழமும் வைத்தார்கள். பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்ப வேண்டும். பேசினபடி ரிமோட் என் கையில். இரண்டு குச்சியையும் சேர்த்துத் தள்ளினேன். வண்டி அசையவில்லை. மறுபடி தள்ளினேன். காலையிலிருந்து நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி கல்லாட்டம் நின்றது. அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது, அவருக்குச் சகுனத்தில் நம்பிக்கை அதிகம். பேட்டரியைப் பார்க்கலாம் என்று மாமா குனிந்து மூடியைத் திறந்தார். இரண்டு குச்சியும் இன்னும் என் விரலடியில்தான் இருந்தன. வண்டி ஒரே பாய்ச்சலாகப் பழத்தின் மேல் ஏறி ஓடியது.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் நான். இன்றைக்கும் அதில் எனக்குக் கர்வம் உண்டு. மூடியைத் திறந்தால் உள்ளே இருக்கும் ஏரியல் கம்பி நிமிர்ந்து வெளியே தலை நீட்டும். மூடினால் மடங்கித் தகரத்துக்குள் அடங்கிவிடும். நான்கு பக்கமும் தகரம், அதற்குள் ரிமோட் சொல்வது எப்படி எட்டும்? என் காருக்கு உடம்பு பிளாஸ்டிக், அதற்கு இந்தத் தொல்லை இல்லை. எதையும் தகரத்தில் அடித்தே பழகிய எங்கள் பட்டறைக்கு அது தோன்றவில்லை. நான் மூடியைத் திறந்து ஓட்டினேன், மூடி நிறுத்தினேன், திறந்தேன், மூடினேன். எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். “மூடுனாக் கேக்க மாட்டேங்குது மாமா” என்று கத்திக்கொண்டே இருந்தேன். மாமா மட்டும் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

வயரிங் செய்கிறவர், இது ஒரு பெரிய விஷயமா, ஓட்டை போட்டுக் கம்பியை வெளியே இழுத்துவிட்டால் தீர்ந்தது என்றார். மாமா தகரம் வெட்டுகிற கத்தரியை எடுத்துவந்து, கீலோடு சேர்த்து மூடியை வெட்டி எறிந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வாயைப் பிளந்துகொண்டு அசிங்கமாக நின்ற அந்த வண்டியைப் பார்த்து, காருக்கு அழாத அழுகையை அன்று அழுதேன். அம்மா சமாதானப்படுத்தப் பார்த்தும் அடங்கவில்லை. ஆட்டையாம்பட்டிக்கு என்னையும் கூட்டிப்போவதாக மாமா சொன்ன பிறகுதான் ஓய்ந்தேன்.

பூசை கழிந்த ஞாயிற்றுக்கிழமை போனோம். அந்தத் தெரு முழுக்கத் தறிச் சத்தம். வாசல்வரைக்கும் வந்த மாமா, செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன். உள்ளே பையனின் அம்மா தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்துத் தலையை அசைத்தார், நெய்வதை நிறுத்தவில்லை. பெரியவர் பாய் விரித்தார். பையன் என்னைவிட ஒரு முழம் உயரம், அரும்பு மீசை. வண்டியை வாங்கி முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அப்புறம் தலைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, அப்பா எங்கே உட்கார்ந்திருந்தார், ஏன் இதற்கு மூடி இல்லை என்று கேட்டான்.

மாமா பையனைப் பார்க்கவில்லை, பெரியவரைத்தான் பார்த்தார்.

“உள்ள உக்காந்திருந்தான், ஒரு நொடியில போயிட்டான்னு அன்னிக்கு உங்ககிட்டச் சொன்னேனுங்கய்யா. அது பொய்யிங்க. சங்கிலியப் பாக்கறதுக்கு அவன் கீழ எறங்கியிருந்தானுங்க. குண்டு உழுக ஆரம்பிச்சிருச்சு. மூடச் சொல்லி உத்தரவு. நானுங்க மூடுனேன்.”

தறிச் சத்தம் நின்றது. அந்த அம்மா தறிக்குழியில் இருந்தபடியே, யாரையும் பார்க்காமல் கேட்டார்.

“கூப்புட்டாருங்களா?”

“எனக்குக் கேக்கலீங்க” என்றார் மாமா. “மூடிட்டாக் கேக்காதுங்க.”

பெரியவர்கள் எல்லோரும் இப்படி வாயடைத்து உட்கார்ந்திருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. கண்டுபிடித்தவள் நான் இருக்கிறேன், மாமா பாதியில் நிறுத்துகிறாரே என்று இருந்தது. “ஆமாங்க, மூடுனாக் கேக்கவே கேக்காது” என்றேன். “நான் செஞ்சு பாத்தனுங்க.”

அந்த அம்மா எழுந்து வந்தார். என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். விரல்களெல்லாம் கஞ்சிப் பசை. “நெசமாலுமா சாமி? எத்தன சத்தமாச் சொன்னாலுங் கேக்காதா?”

“கேக்காதுங்க. நான் எத்தனையோதரம் மூடி மூடிப் பாத்தேன். ஒருதரங்கூடக் கேக்கல.”

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கை கழுவுங்கண்ணா, சோறு போடறேன்” என்று மாமாவிடம் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். பெரியவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மாமா சாப்பிட்டார். அழுதுகொண்டே சாப்பிட்டார். பையன் வண்டியை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரைக்கும் அதை ஓட்டவில்லை. எனக்குக் கொடுத்தாலாவது ஓட்டியிருப்பேனே என்று பட்டது.

ஊர் திரும்புகிற பஸ்ஸில் நான் மாமாவோடு பேசவில்லை. கண்டுபிடித்தது நான் என்று அவர் அங்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது என் கோபம். அவர் கூட்டாளி அன்று கூப்பிட்டாரா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது, இனித் தெரியப்போவதும் இல்லை. அந்த வீட்டுக்கு மாமாவின் சொல் போதவில்லை, ஒரு சாட்சி தேவைப்பட்டது. பொம்மையைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்வதாக நினைத்துக்கொண்டு நான் அந்தச் சாட்சியைச் சொல்லியிருந்தேன்.